மாயக் காட்சியும் மூத்தோர் நடையும்

மூப்பு என்பது நோயன்று. ஆயினும் மூப்பைத் தொடர்ந்து வரும் தளர்ச்சி, பல வீடுகளில் நோயைக் காட்டிலும் பெருந்துயரை விளைவிக்கின்றது. நேற்றுவரை கிணற்றடிக்கும் கோயில் வீதிக்கும் துணையின்றி நடந்து போய் வந்த ஒருவர், ஒருநாள் முற்றத்திலே கால் இடறி விழுகின்றார். எலும்பு முறியவில்லை, காயமும் பெரிதில்லை. எனினும் அன்று தொட்டு அவர் மனத்திலே அச்சம் குடிபுகுகின்றது. அச்சத்தினால் நடையைக் குறைக்கின்றார். நடை குறையவே தசை மெலிகின்றது. தசை மெலியவே மீண்டும் விழுகின்றார். 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் ஒரு முறையேனும் விழுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. இச்சுழலை அறுப்பது எவ்வாறு என்பது மூத்தோர் மருத்துவத்தின் தலையாய வினாக்களுள் ஒன்று.

இவ்வினாவுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த விடைகளுள் ஒன்று விந்தையானது. இல்லாத உலகம் ஒன்றைக் கண்முன்னே காட்டி, உள்ள உலகிலே நடப்பதற்குப் பழக்குவதே அது. இதனை இன்று ‘மெய்நிகர் உலகம்’ என்று அழைக்கின்றனர். இளைஞரின் விளையாட்டுக்கென்று பலர் கருதும் இக்கருவி, தளர்ந்த வயோதிபரின் சிகிச்சைக் கூடத்துக்குள் எவ்வாறு புகுந்தது? புகுந்த பின்னர் அது மெய்யாகவே உதவியதா? நேயர்களே, இவற்றைச் சரித்திர முறையில் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இக்கதைக்கு ஊற்றுகள் மூன்று. முதலாவது, கண்ணை ஏமாற்றும் கலை. இரண்டாவது, ஆபத்தான தொழிலை ஆபத்தின்றிப் பழக்கும் கலை. மூன்றாவது, படுக்கையில் கிடந்த வயோதிபரை எழுந்து நடக்கச் செய்த மருத்துவம். இம்மூன்றும் தனித்தனியே ஓடி, நம் காலத்தில் ஒன்றாகக் கலந்தன.

முதல் ஊற்றைத் தேடிப் போவோமாயின், 1838 ஆம் ஆண்டின் இலண்டன் மாநகரை அடைவோம். சார்ள்ஸ் வீற்ஸ்டன் என்னும் விஞ்ஞானி அவ்வாண்டிலே றோயல் சங்கத்தின் முன் ஓர் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட இரு கோணங்களிலிருந்து காண்கின்றன. அவ்விரு படங்களையும் மூளை ஒன்றாக இணைப்பதனாலேயே தூரமும் ஆழமும் நமக்குத் தோன்றுகின்றன என்று அவர் காட்டினார். வாயால் சொன்னதோடு நில்லாமல், செங்கோணத்தில் இணைத்த இரு கண்ணாடிகளைக் கொண்டு ஒரு கருவியும் அமைத்தார். இருபுறமும் வைத்த இரு தட்டையான கோட்டுச் சித்திரங்கள், அக்கண்ணாடிகளின் வழியாகப் பார்க்குங்கால், கையால் தொடத்தக்க திண்மைப் பொருளாய்த் தோன்றின. காணப்படும் உலகம் என்பது கண்ணின் முன்னே மட்டும் இருப்பதன்று, மூளையினால் கட்டப்படுவது என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது. மூளை கட்டும் உலகத்தை மனிதன் திட்டமிட்டு மாற்றலாம் என்பது அதன் மறுபக்கம். இன்று முகத்திலே அணியும் கருவிகள் யாவும் இவ்வொரு தத்துவத்தின் மீதே நிற்கின்றன.

இரண்டாவது ஊற்று அமெரிக்காவில் பிறந்தது. நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹம்ரன் நகரிலே இசைப்பெட்டிகள் செய்யும் ஆலையொன்று இருந்தது. அவ்வாலை உரிமையாளரின் மைந்தர் எட்வின் லிங்க் என்பவர் விமானம் ஓட்டுவதில் பேராசை கொண்டிருந்தார். பறக்கப் பழகுவதற்கோ பெரும்பணம் வேண்டியிருந்தது, ஆபத்தும் மிகுதி. ஆகவே அவர் தந்தையாரின் ஆலையிலிருந்த துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு, 1929 ஆம் ஆண்டிலே, நிலத்தை விட்டு நகராத விமானம் ஒன்றைச் செய்தார். அதனுள் அமர்ந்து பிடியை அசைத்தால் அது சாயும், திரும்பும், தாழும். தொடக்கத்தில் அதனை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்களே. 1934 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் விமானத் தபால் சேவையைப் பொறுப்பேற்றது. சில வாரங்களுக்குள் முகிலிலும் பனியிலும் வழி தவறி விமானிகள் பலர் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் யந்திரங்களை வாங்கியது. இரண்டாம் உலக யுத்த காலத்திலே இலட்சக்கணக்கான விமானிகள் இம்மாதிரி யந்திரங்களில் பயின்றனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத்தூன்ற வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பிழை விடாமல் எத்தொழிலும் கைவராது. சில தொழில்களிலோ முதற்பிழையே உயிரைக் குடிக்கும். அத்தகைய தொழிலைப் பயில்வதற்கு, பிழைக்குத் தண்டனை இல்லாத ஓரிடம் வேண்டும். இளம் விமானிக்கு வானம் எவ்வாறோ, எண்பது வயது மூதாட்டிக்கு ஈரமான குளியலறைத் தரையும் அவ்வாறே. இவ்வொப்புமையைக் காண உலகத்துக்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

இடையிலே கண்ணை ஏமாற்றும் கலை வேகமாக வளர்ந்தது. மோட்டன் ஹைலிக் என்னும் அமெரிக்கத் திரைப்படக் கலைஞர், 1962 ஆம் ஆண்டில் ‘சென்சொராமா’ என்ற பெட்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதனுள் முகம் வைத்துப் பார்ப்பவர், நகர வீதியிலே மோட்டார் சைக்கிளில் செல்வது போன்ற காட்சியைக் கண்டார். இருக்கை அதிர்ந்தது, முகத்திலே காற்று வீசியது, வாசனையும் வந்தது. ஆயினும் அதனைப் பெருக்கி உற்பத்தி செய்யப் பணமிடுவார் எவருமிலர். 1965 ஆம் ஆண்டில் ஐவன் சதர்லண்ட் என்னும் கணினி அறிஞர், கணினியால் ஆக்கப்படும் உலகத்துக்குள் மனிதன் புகுதல் கூடும் என்று ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆண்டுகளின் பின், 1968 இல், ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலே தாமும் தம் மாணாக்கருமாக அதற்கு உருக் கொடுத்தார். தலையில் அணியும் அக்கருவியைக் கூரையிலிருந்து தொங்கிய யந்திரக் கை ஒன்று பற்றியிருந்தது. அணிந்தவர் தலையைத் திருப்பினால், ஒளிக்கோடுகளாலான உருவங்களும் அதற்கேற்ப மாறின. 1980 களின் பிற்பகுதியில் ஜரோன் லானியர் என்பவர் இத்துறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைப் பரப்பினார். ஆயினும் கருவிகளின் விலை சாதாரண வைத்தியசாலைகளுக்கு எட்டாததாகவே இருந்தது.

இனி மூன்றாவது ஊற்றுக்கு வருவோம். இதுவே நம் கதையின் உயிர்நாடி. வயோதிபரின் வைத்தியத்துக்கெனத் தனியொரு பெயர் வேண்டும் என்று 1909 ஆம் ஆண்டிலே இக்னாட்ஸ் நாஷர் என்னும் நியூயோர்க் வைத்தியர் வற்புறுத்தினார். பெயர் வந்ததேயன்றி வயோதிபரின் நிலை உடனே மாறவில்லை. 1935 ஆம் ஆண்டில், இலண்டனுக்கு மேற்கேயுள்ள மிடில்செக்ஸ் பகுதியின் வைத்தியசாலை ஒன்று, அருகிலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பிரிவைப் பொறுப்பேற்றது. எழுநூறுக்கு மேற்பட்ட நோயாளர் அங்கே கிடந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். ஆண்டுக்கணக்காகப் படுக்கையை விட்டு எழாதவர். அவர்களைப் பார்க்கும் பொறுப்பு மார்ஜரி வாறன் என்னும் பெண் வைத்தியரிடம் வந்தது.

அவ்வம்மையார் செய்தது மிக எளியது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். எவருக்கு எந்நோய் என்று பிரித்தறிந்தார். பலர் படுக்கையிலே கிடந்தது நோயினால் அன்று. எழுப்புவார் எவரும் இல்லாமையினால் என்பது அப்போது தெளிவாயிற்று. அவர்களை நாற்காலியில் இருத்தினார், நிற்கப் பழக்கினார், நடக்கச் செய்தார். வெளிச்சமும் நல்ல நிறமும் உள்ள அறைகளை வேண்டினார். இனி மீளார் என்று கைவிடப்பட்டோர் பலர் வீடு திரும்பினர். 1947 ஆம் ஆண்டில் றிச்சர்ட் ஆஷர் என்ற மற்றோர் ஆங்கில வைத்தியர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழிலே எழுதினார். ஓய்வே மருந்து என்றிருந்த காலத்தில் அது துணிந்த வார்த்தை. அவர் கூறியதன் உண்மையை 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பரிசோதனை அளவிட்டுக் காட்டியது. நோயற்ற முதியோர் 10 நாட்கள் படுக்கையில் கிடந்தபோது, அவர்தம் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் மெலிந்து போயிற்று.

மெலிந்த தசை மீளுமா? 1990 ஆம் ஆண்டில் மரியா பியற்றறோன் என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் பொஸ்டன் நகரிலே இதனைச் சோதித்தனர். மூத்தோர் விடுதியொன்றில் வாழ்ந்த, சராசரி 90 வயதுடைய பத்துப் பேரைத் தெரிந்தெடுத்து, எட்டு வாரங்கள் கால்களுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தோரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டு நடந்தனர். 1994 ஆம் ஆண்டில் நூறு பேரைக் கொண்டு நடத்திய பெரிய பரிசோதனையும் இம்முடிவை உறுதி செய்தது. தொண்ணூறிலும் தசை வளரும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

2001 ஆம் ஆண்டில் லிண்டா பிரீட் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவர்தம் துணைவரும், தளர்ச்சி என்பதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். காரணமின்றி உடல் எடை குறைதல், கைப்பிடி வலிமை குன்றுதல், எளிதிற் களைத்தல், நடை மந்தமாதல், உடலுழைப்புக் குறைதல் என்பன அவை. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ உடையவர் தளர்ந்தவர். ஒன்றோ இரண்டோ உடையவர் தளர்ச்சியின் வாயிலில் நிற்பவர். இவ்வரையறையினால் ஒரு நன்மை விளைந்தது. ‘வயது போய்விட்டது, அவ்வளவுதான்’ என்று கூறிக் கைவிடுவதற்கு மாறாக, அளந்து பார்த்து முன்கூட்டியே தடுக்கத்தக்க நிலையாகத் தளர்ச்சி கருதப்பட்டது.

மருந்து இன்னதென்று தெரிந்துவிட்டது. அம்மருந்து உடற்பயிற்சி. ஆனால் அதனை உட்கொள்ளச் செய்வதுதான் அரிது. நாற்காலியிலிருந்து ஒரே விதமாக இருபது முறை எழுந்து இருப்பது சலிப்பைத் தரும். விழுவோம் என்ற அச்சம் வேறு தடுக்கும். இவற்றினும் நுட்பமான தடையொன்றை 1997 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். மூத்தோர் இல்லமொன்றில் வாழ்ந்தவரோடு நடந்துகொண்டே அவர்கள் பேச்சுக் கொடுத்தனர். சிலர் பேசியவாறே நடந்தனர். வேறு சிலரோ, பேசத் தொடங்கியதும் நின்றுவிட்டனர். அவ்வாறு நின்றவர்களுள் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தனர். நடத்தல் என்பது காலின் தொழில் மட்டுமன்று, கருத்தின் தொழிலுமாகும் என்று இதிலிருந்து அறிந்தோம். சந்தையிலே நடப்பவர் வழியைப் பார்க்கிறார், விலையை எண்ணுகிறார், எதிரே வரும் சைக்கிளுக்கு ஒதுங்குகிறார். சிகிச்சைக் கூடத்தின் வெறுந்தரையில் நடக்கப் பழகியவருக்கு இப்பயிற்சி கிடைப்பதில்லை. மெய்யான சந்தையிலே பழக்குவதோ ஆபத்து.

இந்த இடத்திலேதான் மூன்று ஊற்றுகளும் சந்திக்கின்றன. சந்தையைப் போன்றதொரு காட்சி வேண்டும். ஆனால் அங்கே விழுந்தால் அடிபடக் கூடாது. லிங்கின் விமான யந்திரம் தீர்த்து வைத்த அதே சிக்கல் இது.

வழியைத் திறந்தது ஒரு விளையாட்டுப் பொருள். 2006 ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ ‘வீ’ என்ற விளையாட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டது. கையில் பிடித்த கோலை அசைத்தால் தொலைக்காட்சித் திரையிலே பந்து உருளும். அடுத்த ஆண்டிலே, ஏறி நின்றால் உடலின் சாய்வை அறியும் பலகை ஒன்றும் வந்தது. சிறுவருக்கென எதிர்பார்க்கப்பட்ட இக்கருவியை மேனாட்டு மூத்தோர் இல்லங்கள் விரும்பி வாங்கின. பயிற்சி என்று கூறியபோது எழ மறுத்தவர், ஆட்டம் என்றதும் எழுந்தனர். 2010 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ற் நிறுவனம், கையில் எதனையும் பிடியாமலே உடலசைவைக் கண்டறியும் கமராவை வெளியிட்டது. ஆராய்ச்சியாளர் இதனைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தத் தொடங்கினர்.

இவ்வகை ஆராய்ச்சிகளுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது, 2016 ஆம் ஆண்டில் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. இஸ்ரேல், பெல்ஜியம், இத்தாலி, ஒல்லாந்து, பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளில் அது நடைபெற்றது. 60 முதல் 90 வரை வயதுடைய, முந்திய ஆறு மாதங்களுக்குள் இரு முறையேனும் விழுந்த 302 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினரும் காலடியிலே நகரும் பட்டையையுடைய நடை யந்திரத்தின் மீது, வாரத்துக்கு மூன்று முறை, 45 நிமிட நேரம், ஆறு வாரங்கள் நடந்தனர். முதற்குழுவினர் வெறுமனே நடந்தனர். இரண்டாம் குழுவினருக்கு முன்னே ஒரு திரை வைக்கப்பட்டது. கமரா அவர்தம் பாதங்களைக் கவனித்து, திரையிலுள்ள பாதையிலே அவற்றைக் காட்டியது. அப்பாதையில் தடைகள் குறுக்கிட்டன, வழிகள் பிரிந்தன. நடப்பவர் காலை உயர்த்தித் தாண்டவும், வழியைத் தெரிந்தெடுக்கவும் வேண்டியிருந்தது.

முடிவு யாது? வெறுமனே நடந்த குழுவில் ஆறு மாதத்துக்குச் சராசரி 10.7 ஆக இருந்த வீழ்ச்சிகள் 8.3 ஆயின. திரையைப் பார்த்து நடந்த குழுவிலோ 11.9 ஆக இருந்தவை 6.0 ஆகக் குறைந்தன. இரு குழுவினரும் நடந்த நேரம் ஒன்றே. ஆகவே, இவ்வேறுபாடு கால்கள் பெற்ற உழைப்பினால் மட்டும் வந்ததாகாது. கருத்தும் காலும் சேர்ந்து பெற்ற பயிற்சியின் பயன் என்று கொள்வதே பொருத்தம். இப்பரிசோதனையிலே தலைக்கவசம் போன்ற கருவி எதுவும் அணியப்படவில்லை என்பதையும் நேயர்கள் கவனித்தல் வேண்டும். உலகத்தை முற்றாக மறைப்பது அவசியமாக இருக்கவில்லை. தேவையான சிக்கலைத் தேவையான அளவிலே காட்டியதே போதுமாயிற்று.

ஆயினும் ஒரு வெற்றியைக் கண்டு முழுத்துறையையும் புகழ்ந்துவிடுதல் முறையன்று. பக்கவாதத்தால் தாக்குண்டோருக்கு மெய்நிகர் முறையில் அளித்த சிகிச்சை பற்றி 2017 ஆம் ஆண்டில் கொக்றேன் அமைப்பு ஒரு திறனாய்வை வெளியிட்டது. 72 பரிசோதனைகளையும் 2,470 நோயாளரையும் அது கருத்திற் கொண்டது. கையின் தொழிற்பாட்டைத் திருத்துவதில், வழமையான பயிற்சியைக் காட்டிலும் இம்முறை சிறந்ததென்று கூற முடியாது என்பது அதன் முடிவு. வழமையான பயிற்சியோடு சேர்த்து, மேலதிகமாகப் பயிலும்போது பயன் உண்டாகலாம் என்றும் அது கூறியது. அதாவது, இக்கருவி பழைய மருந்தை ஒதுக்கிவிடும் புதிய மருந்தன்று. பழைய மருந்தைக் கூடுதலாக உட்கொள்ளச் செய்யும் தேன் என்று கொள்ளலாம்.

தேனுக்கும் அளவுண்டு. தலையில் அணியும் கருவிகள் 2016 ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கும் வாங்கத்தக்க விலையில் வரத் தொடங்கின. அவற்றை அணிந்தவரின் கண், தான் நகர்வதாகக் கூறுகின்றது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்போ, தான் நகரவில்லை என்கின்றது. இம்முரண்பாட்டினால் சிலருக்குத் தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகும். கருவியின் பாரம் மெலிந்த கழுத்தை வருத்தும். சுற்றியுள்ள அறை கண்ணுக்கு மறைந்துவிடுவதால், நின்றுகொண்டு அணிபவர் நிலைதடுமாறக் கூடும். மறதி நோயுற்றவர் காட்சியை மெய்யென்று எண்ணி அஞ்சவுங் கூடும். ஆகையால் தளர்ந்தவரை நாற்காலியில் இருத்தியே தொடங்குதல், ஒரு சில நிமிடங்களோடு நிறுத்துதல், பயிற்சி பெற்ற ஒருவர் அருகிலேயே நிற்றல் என்பன இன்றியமையாதவை.

இறுதியிற் கூறிய இவ்விதியே இச்சரித்திரத்தின் சாரமுமாகும். மார்ஜரி வாறன் அம்மையாரிடம் திரையுமில்லை, கமராவுமில்லை. இம்மனிதர் மீளக்கூடியவர் என்ற நம்பிக்கையும், எழுப்புவதற்கு நீட்டிய கையுமே இருந்தன. அக்கை இல்லாதவிடத்து எத்துணை விலையுயர்ந்த கருவியும் மூலையிலே தூசு படிந்து கிடக்கும். வயோதிபரின் முகத்திலே ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, ‘இனி அவருக்குப் பொழுது போகும்’ என்று நாம் விலகிச் செல்வோமாயின், பழைய விடுதியின் படுக்கையை வேறொரு வடிவத்தில் அமைத்தவர்களாவோம். அன்று சுவரைப் பார்த்துக் கிடந்தனர். இன்று சித்திரத்தைப் பார்த்துக் கிடப்பர். மாறாக, அக்கருவியின் துணையால் அவரை எழுப்பி, கைபிடித்து வாயிலைக் கடக்கச் செய்வோமாயின், விஞ்ஞானம் தன் கடமையைச் செய்ததாகும்.

கருவி இல்லாத வீடுகளே உலகில் அதிகம். அவற்றிலும் செய்யத்தக்கது உண்டு. உறுதியான நாற்காலியிலிருந்து, அருகில் ஒருவர் நிற்க, நாள்தோறும் சில முறை எழுந்து இருப்பது நல்ல பயிற்சி. கைப்பிடிச் சுவரைத் தொட்டவாறு, பேரப்பிள்ளையோடு கதை பேசிக்கொண்டு முற்றத்தில் நடப்பதும் கருத்தையும் காலையும் சேர்த்துப் பழக்கும். அண்மையில் விழுந்தவரோ, நெஞ்சுநோய் உடையவரோ, வைத்தியரைக் கேட்ட பின்னரே இவற்றைத் தொடங்குதல் வேண்டும். மாய உலகத்தின் பயன் முழுவதும் மெய்யுலகிலே எடுத்து வைக்கும் அடுத்த அடியில்தான் இருக்கின்றது. அவ்வடியை நம் மூத்தோர் அச்சமின்றி எடுத்து வைப்பாராக.